தொழுவில் நிற்பவை பேச ஆரம்பித்தால்

கேள்வி இது: பாளையங்கோட்டைப் பக்கம் நான்கு நண்பர்கள் சேர்ந்து சிறு அனிமேஷன் குழு நடத்துகிறார்கள். பேசும் பண்ணை விலங்குகளை வைத்து, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நகைச்சுவைப் படம் எடுக்க ஆசை. மாதிரிக்கு ‘பார்ன்யார்ட்’ படத்தைப் பார்த்திருக்கிறார்கள். “அண்ணாச்சி, அந்தப் படத்தில் வருகிற மாதிரி பண்ணை நம்ம ஊரில் கிடையாதே, கதையை எங்கே வைப்பது? ஆடு மாடு பேசினால் திருநெல்வேலித் தமிழ் பேச வேண்டுமா? கோயில் கிடா விஷயத்தைத் தொடலாமா, தொட்டால் வம்பா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

தம்பி, முதலில் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 2006-ல் வந்தது, ஸ்டீவ் ஓடெகெர்க் எழுதி இயக்கியது. பண்ணைக்காரர் இந்தப் பக்கம் திரும்பினால் மாடுகள் நாலு காலில் நிற்கும், அந்தப் பக்கம் போனால் இரண்டு காலில் எழுந்து ஆட்டம் போடும். படத்தின் சிரிப்பு முழுக்க இந்த ஒரே விதியில்தான் இருக்கிறது. அதிலேயே பெரிய ஓட்டையும் ஒன்று உண்டு. கதாநாயகன் ஓடிஸ் ஆண். அவனுக்கு மடி இருக்கிறது! அவன் அப்பா பென்னுக்கும் இருக்கிறது. படம் வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. மாட்டைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு அது தமாஷ். சேரன்மகாதேவியில் தொழுவைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அதைப் பார்த்து ஒரு நிமிஷம்தான் சிரிக்கும். அப்புறம் படத்தை நம்பாது. உங்கள் படத்தைப் பார்க்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். விலங்கின் வாயில் மனிதர் ஜோக்கைத் திணிக்காதீர்கள். அந்த விலங்கு நிஜமாக என்ன செய்கிறதோ அதிலிருந்து சிரிப்பை எடுங்கள். பேச்சு அதற்கு மேலே வந்து உட்காரட்டும். ‘ஷான் தி ஷீப்’ தொடரில் ஆடுகள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 2007-லிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேச்சு இல்லாமலே சிரிப்பு வருகிற காட்சியை முதலில் யோசியுங்கள், வசனத்தைப் பிறகு எழுதலாம்.

இனி பண்ணை. வேலி, களஞ்சியம், ஒரே ஒரு சொந்தக்காரர், சுற்றிலும் ஆளில்லாத புல்வெளி, இதெல்லாம் நமக்கு வேண்டவே வேண்டாம். நம்ம ஊரில் மாடு தொழுவில், கோழி பஞ்சாரத்தில், ஆடு திண்ணைக்குக் கீழே, நாய் தெருவுக்குப் பொது. நாள் முழுக்க மனிதர்களுக்கு நடுவில்தான் இவை கிடக்கின்றன. ‘ஆள் இல்லாதபோது மட்டும் பேசும்’ என்ற விதி இங்கே செல்லாது, ஆள் இல்லாத நேரமே கிடையாது. இதைக் குறையாக நினைக்காதீர்கள், விதியை அப்படியே திருப்பிப் போடலாம். நம்ம ஆட்கள் விலங்குகளிடம் ஓயாமல் பேசுகிறவர்கள். ஆச்சி கோழியை ஏசுவார், பசுவிடம் மருமகளைப் பற்றிக் குறை சொல்வார், ஆட்டிடம் நியாயம் கேட்பார். விலங்குகளும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். மனிதர் காதில் அது ‘மே’, ‘கொக்கொக்’ என்று மட்டும் விழட்டும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் புரியும். இப்படி:

“ஏ மூதி, முட்டைய எங்க கொண்டு விட்டுட்டு வந்து நிக்க?”

“படப்புக்குப் பின்னாலதான் கிடக்கு. சொன்னா எடுத்துருவிய.”

“என்ன கொக்கொக்குங்க? பசிக்கா?”

“பசிக்கி. அதையும் சேத்துதான் சொன்னேன்.”

ஆச்சி ஒரு கை குருணையை விசிறிவிட்டுப் போவார். கோழிக்கு முட்டையும் மிச்சம், குருணையும் லாபம். இந்த மாதிரி இருபது காட்சி உங்கள் வீட்டுக் கொல்லையில் தினமும் நடக்கிறது. உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

கதையை வைக்க நல்ல காலம் பங்குனி, சித்திரை. பிசான நெல் அறுத்து முடிந்திருக்கும், கார் சாகுபடிக்குத் தண்ணீர் வர ஜூன் ஆகும். இடையில் தாமிரபரணிக் கரை வயலெல்லாம் வெறும் தாள்தான். அப்போதுதான் வெளியூர் வாத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வாத்தை ஓட்டிக்கொண்டு வந்து, சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிடுவார்கள். கிடைக்காரர்கள் வந்து ராத்திரியில் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு எரு, வயல்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். இதில் விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிய தமாஷ் இருக்கிறது பாருங்கள். ராத்திரி தூங்கினால் போதும், சம்பளம்! ஊர் மாடு இதைக் கேட்டு வயிறெரிய வேண்டும். “நாங்க வருஷம் பூரா போடுதோம், ஒருத்தனும் காசு தரல.” வெளியூர் வாத்துகள் பல ஊர் சுற்றியவை, அவற்றின் பேச்சில் தஞ்சாவூரும் கலக்கட்டும், மதுரையும் கலக்கட்டும். பள்ளிக்கூட லீவும் அதே சமயம்தான் என்பதால் பிள்ளைகளும் வயலில் கிடப்பார்கள். கதைக்கு வேண்டிய கூட்டம் தானாகவே கூடிவிடும்.

யார் யாரைப் பாத்திரமாக வைப்பது? ஆட்டை விடவே விடாதீர்கள். காரணம் சொல்கிறேன். மாடு இரண்டு காலில் எழுந்து நின்றால் பொய் என்று கண்ணுக்கே தெரியும். வெள்ளாடு உடை மரத்துக் கொப்பைப் பிடிக்கப் பின்னங்காலில் எழுந்து நிற்பது நாம் தினமும் பார்க்கிற காட்சி. அதே நிலையில் அது பேசினால் உறுத்தாது. அந்தப் படத்துக்காரர்கள் பாடுபட்டுச் செய்ததை நம்ம ஆடு சும்மா செய்கிறது. இன்னொரு வசதி அசைபோடுதல். ஆட்டின் தாடை பக்கவாட்டில் அரைக்கும், எப்போதும் ஏதாவது மென்றுகொண்டே இருக்கும். வாயசைவு பொருத்துவதில் பாதி வேலை உங்களுக்கு மிச்சம். ப, ம வருகிற இடத்தில் மட்டும் உதட்டை மூடிக் காட்டினால் போதும், மிச்சத்தை மெல்லுகிற அசைவே பார்த்துக்கொள்ளும். கோழிக்கு உதடே இல்லை, ப-வுக்கும் ம-வுக்கும் அலகை ஒரு தட்டு தட்டினால் தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. சிரிக்கும்போது இரண்டு வரிசைப் பல்லையும் காட்டி வரையாதீர்கள். கண்மணி படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும், வட்டமாக வரைந்தால் ஆடு நாயாகிவிடும்.

நிறத்துக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. நம்ம வட்டாரக் கன்னி ஆடு கருப்பு. முகத்தில் கொம்படியிலிருந்து மூக்குவரை இரண்டு பக்கமும் கோடு இறங்கும். கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. கொடி ஆடு உயரம், வெள்ளை உடம்பில் கருப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. பாத்திரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவதுதான் அனிமேஷன் வடிவமைப்பில் முக்கால்வாசி வேலை. அந்த வேலையைக் கரிசல்காட்டு ஆட்டுக்காரர்கள் பல தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். நாய்க்குச் சிப்பிப்பாறை. ஒட்டிய வயிறு, நீண்ட கால், எப்போதும் கொஞ்சம் கவலைப்பட்ட முகம். ஓடத் தெரியும், குரைக்கச் சோம்பல் என்று வைத்தால் காவல்நாய் வேலைக்கு அதைவிட நல்ல சிரிப்பு வேண்டுமா? மயில் ஒன்றும் இருக்கட்டும். வயலில் புகுந்து நாசம் செய்யும், தேசியப் பறவை என்பதால் ஒருவரும் கை வைக்க முடியாது. அதை அரசியல்வாதியாக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் வருகிற ஆசை அது. ‘எனக்கு மேலிடம் டெல்லி’ என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு நகரட்டும், போதும்.

செம்மறி பற்றி மட்டும் தனியாக ஒரு யோசனை. செம்மறிக்குத் தனித்தனிப் பாத்திரம் தேவையில்லை, கூட்டமே ஒரு பாத்திரம். வில்லுப்பாட்டில் பெரியவர் ஒரு வரி சொல்லி நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ போடுவார்களே, அந்த வேலையைச் செம்மறிகளுக்குக் கொடுங்கள். யார் எதைச் சொன்னாலும் “ஆமா!” எதிர்க்கட்சி வந்து சொன்னாலும் “ஆமா!” நடுவில் ஒரு குட்டி மட்டும் “ஏன்?” என்று கேட்டுவிட்டால், கூட்டம் முழுக்க மேய்ச்சலை நிறுத்தித் திரும்பிப் பார்க்கும். அந்த நிசப்தத்துக்கு நெல்லைத் தியேட்டரில் கைதட்டல் விழும். படத்தின் இசையையே வில்லும் குடமும் உடுக்கையும் வைத்துக் கட்டினாலும் பொருந்தும்.

சரி, நீங்கள் பயந்து பயந்து கேட்ட கிடா விஷயம். தொடலாமா என்றால், தொடாமல் இருக்க முடியாது என்பேன். பண்ணை விலங்குக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் கத்திதான் கிடக்கிறது. 1995-ல் வந்த ‘பேப்’ பன்றிக்குட்டிக்குக் கிறிஸ்துமஸ் விருந்துப் பயம். 2000-ல் வந்த ‘சிக்கன் ரன்’ கோழிகளுக்குப் பணியார இயந்திரம். கோழியை உள்ளே போட்டால் மறுபக்கம் இறைச்சிப் பணியாரமாக வரும். இரண்டும் குடும்பத்தோடு பார்க்கிற சிரிப்புப் படங்கள்தான். அந்தப் பயம் இல்லையென்றால் சிரிப்புக்குப் பிடிமானமே இருக்காது. ‘பார்ன்யார்ட்’ படத்தின் பண்ணைக்காரர் இறைச்சியே தொடாதவர், வெளியிலிருந்து கொயோட்டி என்கிற ஓநாய்ச் சாதி விலங்குக் கூட்டம் வந்துதான் ஆபத்தைத் தருகிறது. அந்தப் படம் கொஞ்சம் தளர்ந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நமக்கு நேர்ந்துவிட்ட கிடா இருக்கிறது. உலகத்தில் எந்தப் பண்ணைக் கதையிலும் இப்படி ஒரு கதாநாயகன் கிடையாது. சுடலை சாமிக்குப் பலியாக நேர்ந்துவிட்டாயிற்று, இனி யாரும் அதை அடிக்க மாட்டார்கள். கடையில் வாழைப்பழத்தைத் தின்றாலும் ‘சாமி கிடா’ என்று கும்பிட்டு விலகுவார்கள். யார் வயலிலும் மேயலாம். அதுக்கு என்ன தோன்றும்? தன்னுடைய அழகுக்கும் கொம்புக்கும் கிடைத்த மரியாதை என்றுதான் தோன்றும். ஊரில் எல்லா விலங்குக்கும் உண்மை தெரியும், அது ஒன்றுக்குத்தான் தெரியாது. சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இந்த ஒரு நிலைமையிலேயே முதல் அரைமணி நேரத்தை ஓட்டிவிடலாம்.

அப்புறம் கோயில் திருவிழாவான கொடை வருகிறது. வெட்டுவதற்கு முன் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், சிலுப்பாவிட்டால் காத்திருப்பார்கள். உங்கள் படத்தின் பெரிய காட்சி இதுதான். கடைசி நேரத்தில் மனசு கேட்காமல் சிப்பிப்பாறையும் கன்னி ஆடும் சேர்ந்து கிடாவுக்குப் பயிற்சி கொடுக்கின்றன.

“தண்ணி ஊத்துவாவ. அசையாம நில்லும் வே.”

“எதுக்கு ஊத்துதாவ? குளிப்பாட்டவா?”

“ஆமா, குளிப்பாட்டத்தான். குளிச்சிட்டு ஈரத்தோட நிக்கதுதான் இப்ப மரியாதை.”

“காதுக்குள்ள போனா கூசுமே.”

“கூசும். சிலுப்பிராதயும்.”

கோயில் முன்னால் கிடா நிற்கிறது. ஒரு செம்புத் தண்ணீர். காது துடிக்கிறது, கழுத்து ரோமம் எழும்புகிறது, கிடா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது. கீழ்ப்பல்லை மட்டும்தான், ஞாபகம் இருக்கட்டும். சிலுப்பவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. ‘சாமிக்கு ஏதோ குறை’ என்கிறார் பெரியவர். இங்கேதான் குடும்ப நகைச்சுவை வருகிறது. இரண்டாவது செம்பு ஊற்றுவதற்குள் சித்தப்பா முன்னால் வந்து, கொடைக்கு வரி பிரித்த பணத்தில் ஐந்நூறு ரூபாய் தன் சட்டைப்பையில் இருக்கிறது என்கிறார். கிடா இன்னும் சிலுப்பவில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆச்சியின் காதுப் பாம்படம் தொலையவில்லை, அடகுக்கடையில் இருக்கிறது என்கிறாள். மூன்றாவது செம்பு. ஒரு ஈ வந்து கிடாவின் மூக்கில் உட்காருகிறது. பத்தாம் வகுப்புப் பையன் தன் மார்க் ஷீட்டைப் பற்றி வாயைத் திறக்கிறான். ஒவ்வொருவராக எல்லாம் வெளியே கொட்டிக் கொட்டி, ஒரு குடும்பம் பத்து வருஷமாக ஒளித்து வைத்ததெல்லாம் ஒரே ராத்திரியில் கோயில் திடலில் வந்துவிடுகிறது. நடுவில் இந்தக் கிடா, ‘இவ்வளவு நேரம் குளிப்பாட்டுதாவளே, நம்ம மேல எவ்வளவு பிரியம்’ என்று நெகிழ்ந்துபோய் நிற்கிறது.

இந்தக் காட்சியில் சாமியைக் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சாமியாடுகிறவரையும் கிண்டல் செய்யாதீர்கள், கொடை நடத்துகிற ஊரையும் செய்யாதீர்கள். சிரிப்பு மறைத்து வைத்தவர்கள் மேல்தான். உத்தரவு தராததும் சாமிதான், அதனால் எல்லாம் வெளியே வந்ததும் சாமியால்தான் என்று ஊர் நம்பிக் கும்பிட்டுப் போகட்டும். ‘உயிர்ப்பலி தப்பு’ என்று கடைசியில் யாரும் பிரசங்கம் செய்யவும் வேண்டாம். மறுநாள் அதே குடும்பம் கோழிக்குழம்பு சாப்பிடுவதைக் காட்டுகிற தைரியம் இருந்தால் காட்டுங்கள். பஞ்சாரத்தில் அந்த முட்டைக் கோழி இருக்கிறதா என்று பிள்ளைகள் எட்டிப் பார்க்கும், இருக்கிறது என்று உடனே காட்டிவிடுங்கள்.

வட்டார வழக்கு. கட்டாயம் வேண்டும், ஆனால் ஒரேயடியாக எல்லோர் வாயிலும் ‘ஏலே, ஏலே’ என்று ஊற்றாதீர்கள். சினிமாவில் திருநெல்வேலி என்றால் ‘ஏலே’யும் அரிவாளும்தான் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் நம்ம பேச்சின் ருசி. வயதான பசுவை எல்லோரும் ‘ஆச்சி’ என்பார்கள். கிடாவை மரியாதைக்கு ‘அண்ணாச்சி’, சம வயது விலங்கு மட்டும் ‘வே’. குட்டியை ‘மக்கா’. ‘சொல்லுதேன்’, ‘வந்தாவ’, ‘அங்கன’, ‘பொறவு’ இவற்றைச் சரியான இடத்தில் போட்டாலே ஊர் வந்துவிடும். ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனம். நம்ம பக்கம் பேச்சு வழக்கில் ஜாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சமூகத்துக்கென்றே உள்ள சொல்லை நாய்க்கோ கழுதைக்கோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதற்குப் பிறகு படம் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். பொதுவாக எல்லோரும் பேசுகிற சொல்லோடு நின்றுகொள்ளுங்கள்.

குரலுக்கு ஆள் தேடும்போது தோல்பாவைக்கூத்துக்காரர் யாராவது கிடைக்கிறார்களா என்று பாருங்கள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்து ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் பேசுவார். நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து உளறுகிற இடத்தில் கூட்டம் உருளும். ஒரு தொண்டையிலிருந்து அத்தனை பேரைக் கொண்டுவருகிறவருக்கு ஆடும் கோழியும் பெரிய விஷயமில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வினாடிக்கு 24 சட்டகம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 படம். ஐந்து நிமிஷத்துக்கு 3,600. நான்கு பேருக்கு இது மூச்சு முட்டுகிற எண்ணிக்கை. அதனால் முழுப்படத்தைத் தொடாதீர்கள், மஞ்சள் தண்ணீர்க் காட்சியை மட்டும் செய்யுங்கள். கிடா அசையாமல் நிற்பதுதான் காட்சியே என்பதால் வரைய வேண்டியதும் குறைவு! காதும் ஈயும்தான் அசையப் போகின்றன. மென்பொருளுக்குப் பணம் போட வேண்டாம், பிளெண்டர் இலவசம், அதிலேயே இருபரிமாணமாகவும் வரையலாம். நிஜ ஆட்டைக் கொண்டுவந்து படம் பிடிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். விலங்கு நல வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும், குட்டி வேறு வாராவாரம் வளர்ந்துவிடும். ‘பேப்’ படத்துக்கு 48 பன்றிக்குட்டிகள் மாற்றி மாற்றித் தேவைப்பட்டன. பெரிய படமாக எடுக்கிற நாளில் தணிக்கையில் யுஏ என்பதை இப்போது 7, 13, 16 வயது என்று பிரித்திருக்கிறார்கள். கத்தியைக் காட்டாமல் கிடாவின் முகத்தை மட்டும் காட்டினால் குறைந்த வயதுப் பிரிவிலேயே நிற்க வாய்ப்பிருக்கிறது.

வரையத் தொடங்குவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மேலப்பாளையம் ஆட்டுச்சந்தைக்குப் போய்வாருங்கள், சனிக்கிழமை எட்டயபுரத்துக்கும் போங்கள். செல்போனில் வீடியோ எடுத்தால் மட்டும் போதாது, நோட்டுப் புத்தகம் வேண்டும். ஆடு படுத்து எழும்போது எந்தக் கால் முதலில் வருகிறது, விலை பேசும்போது காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கிறுக்குங்கள். சந்தைகளில் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேலே நிற்கிற மனிதர்களுக்கு ஒன்றும் தெரியாது. கீழே நிற்கிற ஆட்டுக்கு எல்லா விரலும் தெரியும். இரண்டாவது காட்சிக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.